மாடி வாடகையும் தரகர் லாபமும்

சிட்லபாக்கத்தில் மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் பல. அட்வான்ஸ் வந்தது, சாவியைக் கொடுத்தோம் என்று இருந்துவிடலாமா?

விபசாரமும் ஒரு வியாபாரம். லாபம் தரகருக்கு, கடன் பெண்ணுக்கு. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்து வருகிறார்கள். ரெயில் சத்தம், துணிமணி, சாப்பாடு எல்லாம் அவள் கணக்கில் ஏறும். கடன் தீரவே தீராது.

1956-ம் ஆண்டு சட்டப்படி, தெருவில் நின்று அழைக்கும் பெண்ணுக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைத் தரகர் கட்டினால்? அதுவும் அவள் கடன்தான்!

விடுதி நடத்துகிறவருக்கு முதல் தடவை 1 முதல் 3 ஆண்டு கடுங்காவல். அபராதம் 2 ஆயிரம் ரூபாய் வரை. அன்று அந்தப் பணத்துக்கு 20 பவுனுக்கு மேல் தங்கம் கிடைத்தது. இன்று ஒரு கிராம்கூட வராது. தொகையை யாரும் மாற்றவில்லை. தரகர் இதற்கா பயப்படுவார்?

ஆள் கடத்தல் என்று நிரூபித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவள், கடனில் சிக்கிய அதே பெண். 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, விரும்பி இத்தொழிலில் இருக்கும் பெண்ணைச் சோதனையில் கைது செய்யக்கூடாது என்றது. போலீசுக்குப் பயப்படாத பெண்தானே தைரியமாகப் பேசுவாள்?

தரகருக்கு வலிக்கும் இடம் வீடு. வீடு இல்லாமல் வியாபாரம் ஏது? தெரிந்தே இடம் கொடுத்த சொந்தக்காரரும் குற்றவாளி. பள்ளிக்கூடம், கோவில், ஆஸ்பத்திரிக்கு 200 மீட்டருக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட்டு வீட்டைக் காலி செய்ய வைக்கலாம். (நம் ஊரில் அந்த எல்லைக்குள் வராத தெரு எத்தனை?) பிறகு ஓராண்டுக்கு அவர் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. உள்ளே குழந்தை இருந்தது தெரிந்தால், 3 ஆண்டு.