சத்தம் கூடினால் சக்தி கூடியதாகாது

"ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டினால் இன்ஜினுக்குக் காற்று தாராளமாகப் போகும்; மைலேஜும் பிக்கப்பும் கூடும்" என்கிறார்கள். இரண்டும் தவறு.

முதலில் மைலேஜ். பெட்ரோல் காரில் காற்றைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் வால்வு. ஊருக்குள் ஓட்டும்போது அது பாதிகூடத் திறப்பதில்லை. வீட்டுக் கதவு ஒருக்களித்திருக்க, வெளிக்கேட்டை அகலமாக்கி என்ன பயன்? அப்படியே காற்று கூடினாலும், 14.7 பங்குக்கு ஒரு பங்கு என்று பெட்ரோலும் கூடித்தானே ஆகவேண்டும்? மிச்சம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, ஃபில்டர் அடைத்துக்கொண்ட நவீன பெட்ரோல் கார்களிலேயே மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை.

இரண்டாவது, பிக்கப். கம்பெனிப் பெட்டி பெரும்பாலும் முன்கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. பானட்டுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு இன்ஜின் சூட்டையே இழுக்கிறது. 35 டிகிரி காற்று 65 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் சரியும். ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். இதற்கா காசு?

கூம்பு மாட்டியதும் கேட்கும் அந்த உறுமல்? பெட்டி இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த சத்தம், அவ்வளவுதான்.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை: தூசி. மலிவான கூம்பு விட்டுவிடும் நுண்மணல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரிக்கும். புகை கிளம்பும் நாளில் ரீபோர் செலவை மாட்டிக்கொடுத்தவரா தருவார்?