உள்ளத்தை அளக்கும் கோல் எம்மொழியில்?

பொழுது புலருமுன் ஊர்தியேறிப் போடிமெட்டோ குமுளியோ கடந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்குத் தாய், உள்ளம் நொந்தால் என்ன சொல்வாள்? "நெஞ்சு படபடங்குது, தலை கிறுகிறுங்குது" என்பாள், பெருமூச்செறிவாள். "மனச்சோர்வுற்றுள்ளேன்" என்று ஒருநாளும் சொல்லாள். ஈழத்துப் போர்த்துயரை ஆய்ந்த மருத்துவர் தயா சோமசுந்தரம், அப் பெருமூச்சையே தமிழர் துயர்மொழிகளுள் ஒன்றாகக் குறித்தார்.

பிள்ளை பெற்ற தாய்மாரின் உளநோயைக் கண்டறிய, 1987-இல் காக்சு முதலிய மேலையறிஞர் எடின்பரோ வினாப்படிவத்தை வெளியிட்டனர். வினா 10, மொத்த மதிப்பெண் 30. 13-ஐ எட்டினால் நோயிருக்கக்கூடும் என்று கொண்டனர். அதன் ஆறாம் வினா ஓர் ஆங்கில மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பண்டங்கள் அவள்மேல் ஏறி அமர்ந்தனவா என்றாகும்! ஆங்கிலத்தின் காலடியில் கிடப்போர் அதையும் தமிழென்று நீட்டுவர்.

போடி ஏலக்காய்க் கடையின் துலாக்கோல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைத்துக் காட்டுகிறதென்க. அது மாறாமல் காட்டுவதால் நம்பகம் உண்டு. மெய்யெடை காட்டாமையால் ஏற்புடைமை இல்லை. வினாப்படிவமும் அவ்வாறே. அவரிடமே சின்னாள் கழித்து மீண்டும் கேட்டு, விடை ஒத்துவருதலைக் காண்பது நம்பகத் தேர்வு. படிவத்தின் மதிப்பெண்ணை அறியாத மருத்துவர் தனியே உசாவி, இரு முடிபையும் ஒப்பிடுவது ஏற்புடைமைத் தேர்வு.

வேலூரில் எடின்பரோ படிவத்தின் தமிழாக்கத்தை இவ்வாறு ஆய்ந்து 2005-இல் வெளியிட்டனர். அங்குப் பொருந்திய எல்லை 13 அன்று; 9! ஆங்கில எல்லையையே பிடித்துத் தொங்கினால், 9 முதல் 12 வரை பெற்ற தாயை "ஒன்றுமில்லை, போ" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பர். பச்சிளங் குழவியோடு அவள் எங்கே போவாள்?

நம்மவர்க்கும் ஒரு சொல். நாம் ஆக்கிய கலைச்சொற்களை அத் தாயின் முன் நீட்டுதல் வேண்டா. அவை மருத்துவர் ஏட்டுக்குரியன. படபடப்பும் கிறுகிறுப்பும் எந்த வடமொழி தந்தவை? அவையன்றோ தூய தமிழ்!

தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வேலூர் எல்லை தேனிக்கும் பொருந்துமென்று கண்ணை மூடிக் கொள்ளலாகாது. கம்பத்திலும் சின்னமனூரிலும் பெண்டிர் வாய்ச்சொற்களைத் திரட்டி, வினாக்களை அவற்றால் அமைத்து, இரு தேர்வும் நடத்தி, கண்ட எல்லையைப் படிவத்தின் மேலேயே தமிழில் அச்சிட்டு, ஊர்ச் செவிலியர் கையில் தருதல் வேண்டும்.