கடைசி ரீல் எங்கே?

ரேமண்ட் கிரிஃபித் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆறு மாதம் முன்புவரை நானும் கேள்விப்பட்டதில்லை. சாப்ளின் தெரியும், லாரல் ஹார்டி தெரியும் (தூர்தர்ஷன் புண்ணியம்), பஸ்டர் கீட்டன் கொஞ்சம் தெரியும். ஊமைப்படக் காமெடி என்றால் அத்தோடு சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரிஃபித் வேறு ரகம். கிழிந்த கோட்டு, தள்ளாட்ட நடை எதுவும் கிடையாது. பளபளக்கும் உயரத் தொப்பி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உடுப்பு, தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் பதறாத முகம். 'ஹேண்ட்ஸ் அப்' (1926) படத்தில் அவரைச் சுட்டுக்கொல்ல சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். இவர் ஒரு தட்டை எடுத்து மேலே வீசுகிறார். சிப்பாய்கள் பழக்க தோஷத்தில் தட்டைச் சுடுகிறார்கள். எட்டு வயது மகள் சோபாவிலிருந்து உருண்டு கீழே விழுந்து சிரித்தாள்.

பேசும்படம் வந்ததும் மனுஷன் காலி. தொண்டைக் கோளாறு, கிசுகிசுப்புக்கு மேல் குரல் எழும்பாது. 1930-ல் வந்த 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' படத்தில் பதுங்குகுழிக்குள் குத்துப்பட்டு மெல்ல மெல்லச் செத்துப்போகும் பிரெஞ்சு சிப்பாய் ஞாபகம் இருக்கிறதா? அது அவர்தான். பேச்சே இல்லாத பாத்திரம். அதோடு நடிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு தயாரிப்புப் பக்கம் போய்விட்டார்.

போன மாதம் அவருடைய 'பாத்ஸ் டு பாரடைஸ்' (1925) பார்த்தோம். நகைத் திருடன் ஒருவன், திருடி ஒருத்தி. நெக்லஸோடு காரில் மெக்சிகோ எல்லைக்குப் பறக்கிறார்கள், பின்னால் போலீஸ் பட்டாளம். எல்லை வருகிறது... படம் நின்றுவிட்டது. இன்று கிடைக்கும் பிரதியில் கடைசி ரீல் இல்லை. "என்னங்க, அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. நெட் தான் போய்விட்டது என்று நினைத்தாள். இல்லைம்மா, கதையே அவ்வளவுதான் மிச்சம் என்றேன்.

இந்த "அவ்வளவுதான் மிச்சம்" தான் என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அங்கே எடுத்த ஊமை முழுநீளப் படங்கள் கிட்டத்தட்ட 11,000. அதில் சுமார் 70 சதவீதம் காணாமல் போய்விட்டது. முதல் காரணம், ஃபிலிம் நைட்ரேட். சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது கஷ்டம். எரியாவிட்டாலும் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். இரண்டாவது காரணம் மனிதர்கள். பேசும்படம் வந்தபின் ஊமைப்படத்துக்கு மார்க்கெட் இல்லை. கிடங்கு வாடகை தண்டம், ஃபிலிமில் இருக்கும் வெள்ளியையாவது பிரித்து விற்கலாம் என்று கம்பெனிக்காரர்களே அழித்தார்கள்.

இங்கே ஆபீஸில் ஒரு நண்பர், மதுரைக்காரர். அவரிடம் புலம்பினேன். "விடுங்க பாஸ், நல்லதா இருந்தா தானா நிக்கும். மொக்கையெல்லாம் போனா போகட்டுமே" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அப்படி இல்லை என்பதுதான் என் கட்சி.

ஹெரால்ட் லாயிட் படங்கள் பல இன்றும் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றின் உரிமையையும் பிரதிகளையும் அவரே வைத்திருந்தார். அதற்கான பணமும் அவரிடம் இருந்தது. அப்படியும் 1943-ல் அவர் வீட்டு ஃபிலிம் அறை தீப்பிடித்து ஆரம்பகாலப் படங்கள் நிறைய எரிந்தன. கீட்டனின் பழைய வீட்டை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேஸன், 1950-களில் அங்கே படச்சுருள்கள் கிடப்பதைப் பார்த்தார். குப்பை என்று தூக்கிப் போடாமல் விட்டதால் பல படங்கள் பிழைத்தன. லாரல் ஹார்டியின் 'பேட்டில் ஆஃப் த செஞ்சுரி' (1927) ஊரே சேர்ந்து ஒருவர் மூஞ்சியில் ஒருவர் கிரீம் பணியாரம் எறிந்துகொள்ளும் படம். அதன் இரண்டாவது ரீல் முழுசாகக் கிடைத்தது 2015-ல், ஒரு தனியார் சேகரிப்பில். இதில் எங்கே "தானா" நின்றது? பணம், அதிர்ஷ்டம், யாரோ ஒருவரின் கிறுக்கு. இந்த மூன்றும்தான் நிறுத்தியிருக்கின்றன. இன்று தலையில் வைத்துக் கொண்டாடும் 'தி ஜெனரல்' கூட வந்தபோது ஓடவில்லை.

சரி, நம்ம ஊர் கதைக்கு வருவோம். இது இன்னும் சோகம்.

'ஆலம் ஆரா'வும் (1931) இல்லை, நம்முடைய 'காளிதாஸ்' (1931) படமும் இல்லை. முதல் என்ற பெருமை இருந்த படங்களுக்கே இந்தக் கதி என்றால் காமெடிக்கும் சண்டைப் படத்துக்கும் யார் அழப்போகிறார்கள்? தப்பிப் பிழைத்த சிலவற்றில் ஒன்று 'ஜமாய் பாபு' (1931), வங்காளத்து ஊமைக் காமெடி. இயக்கியவர் காளிபதா தாஸ். கிராமத்து மாப்பிள்ளை ஒருவன் மாமனார் வீட்டுக்குக் கல்கத்தா வந்து வழி தவறி அல்லாடுகிறான். பெரிய காவியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாப்பிள்ளைக்குப் பின்னால் 1931-ன் கல்கத்தா போய்க்கொண்டிருக்கிறது பாருங்கள்... தெரு, வண்டி, ஜனம். அரண்மனை செட் போட்டு எடுத்த புராணப் படத்தில் இது கிடைக்குமா? செட்டுக்குக் காசு இல்லாதவன் தெருவில் எடுத்தான். அதனால் தெரு நமக்கு மிஞ்சியது.

அடுத்து நாடியா. ஆஸ்திரேலியாவில் பிறந்த மேரி ஈவான்ஸ், பம்பாயில் வாடியா சகோதரர்களின் 'ஹன்டர்வாலி'யில் (1935) சாட்டையும் முகமூடியுமாக வந்து ஆண்களைத் தூக்கி எறிந்தார். விநியோகஸ்தர்கள் வாங்கத் தயங்கியதால் வாடியாக்களே வெளியிட்டு, படம் சக்கைப்போடு போட்டது. அடுத்த வருடம் 'மிஸ் ஃப்ரண்டியர் மெயில்', ஓடும் ரயிலின் கூரைமேல் சண்டை, டூப் கிடையாது. அந்த அலையில்தான் தமிழில் கே.டி.ருக்மணி கொள்ளைக்காரி வேஷம் கட்டிய 'மின்னல்கொடி' (1937) வந்தது. படித்தவர்கள் இதையெல்லாம் தரை டிக்கெட் சமாச்சாரம் என்று ஒதுக்கினார்கள். 1993-ல் வாடியா குடும்பத்துப் பேரன் ரியாத் வின்சி வாடியா ஆவணப்படம் எடுத்த பிறகுதான் உலகம் நாடியாவைத் திரும்பிப் பார்த்தது.

அதற்காகப் பழசெல்லாம் தங்கம் என்று ஜல்லியடிக்க மாட்டேன். ஊமைக் காமெடிகளில் கறுப்பர்களைக் கேலி செய்யும் காட்சிகள் இன்று பார்த்தால் கூசும். நாடியா படங்களிலும் நடுவில் ஒரு தூக்கம் போடலாம். ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லவாவது படம் இருக்க வேண்டாமா?

நான் இருக்கும் இதே புனேயில்தான் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பி.கே.நாயர் என்ற மனிதர் (2016-ல் காலமானார்) எது நல்ல படம், எது மட்டம் என்று பார்க்காமல் கைக்கு எட்டியதையெல்லாம் சேர்த்து வைத்தார். இதே ஊரில்தான் 2003 ஜனவரியில் திரைப்படக் கல்லூரி வளாகத்தில் தீப்பிடித்து நைட்ரேட் சுருள்கள் எரிந்தும் போயின.

2022-ல் படங்களைச் சீர்செய்ய மத்திய அரசு 363 கோடி அறிவித்தது. சந்தோஷம். என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, விருது வாங்கிய படங்களுக்கே எல்லாவற்றையும் கொட்டாமல், ஸ்டண்ட், காமெடி, துண்டுப்படங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். விருதுப்படத்துக்குக் குரல் கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள், இவற்றுக்கு ஆளில்லை. இரண்டு, சீர்செய்ததை ஜனங்கள் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கவிட வேண்டும். நம் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். ஆக 1930-களின் படங்கள் எல்லாமே எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டன. சொத்து நம்முடையது, சாவி மட்டும் பெட்டிக்குள். இது என்ன நியாயம்?

உங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தினார், பரணில் தகர டப்பா கிடக்கிறது என்று யாராவது சொன்னால், பழைய இரும்புக்காரரிடம் போட விடாதீர்கள். அடுப்பு பக்கமும் கொண்டுபோகாதீர்கள். காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். உள்ளே இருப்பது மட்டமான படமாகவே இருக்கட்டும், பரவாயில்லை.

மகள் நேற்றும் கேட்டாள். "அப்பா, அந்தக் கடைசி ரீல் கிடைச்சுதா?"

தேடிக்கிட்டு இருக்காங்கம்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.