கீபோர்டுக்குப் பின்னாலிருந்து எண்ணினேன்

"ஊரு ஒரு லட்சம் கொடுத்து உங்களக் கூப்பிட்டிருக்கு. கடைசிப் பாட்டு வரைக்கும் சுணங்காமப் பாடணும், ஆமா!"

பங்குனித் திருவிழா மேடையில் பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கி அதட்டியபோதுதான் அந்தத் தொகை என் காதில் விழுந்தது. குழுவை நடத்தும் என்னிடம் ஏஜென்ட் பேசி முடித்தது 55,000. அதிலும் பத்து சதவீதம் கமிஷன் என்று தனியாகக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார். என் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. ரிதம் பேட் வாசிக்கும் தம்பி திரும்பிப் பார்த்தான். மிச்சத்தை நீயா அண்ணே எடுத்துக்கிட்டே என்று அந்தப் பார்வை கேட்டது. பதினெட்டு வருஷமாக என்னோடு வேனில் தூங்கியவன். ஏஜென்ட் எடுத்த காசைவிட அந்த ஒரு பார்வைதான் இன்னும் என்னை அறுக்கிறது.

அது யார் காசு? வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி போட்டு, கூலிக்குப் போகிற சனம் கொடுத்த காசு. அவர்களுக்கு நாங்கள் ஒரு லட்சம் வாங்கியவர்கள். அதனால்தான் தபேலா எங்கே, வயலின் எங்கே, ஏன் பன்னிரண்டே பேர் என்று ஏசுகிறார்கள். 49,500 ரூபாயில் வேன், டீசல், டிரைவர் பேட்டா போக, நான் வயலினுக்கு எங்கே போவேன்?

கோயில் கச்சேரியில்தான் இப்படி, டிக்கெட் நிகழ்ச்சியில் எல்லாம் எழுத்தில் இருக்கும் என்று நம்பித்தான் கொங்குப் பக்கம் ஒரு அரங்கத்துக்கு ஒப்புக்கொண்டேன். செலவு போக மிச்சத்தில் எங்களுக்கு 60, அமைப்பாளருக்கு 40. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! "செலவு போக" என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் எங்கள் கழுத்தே மாட்டியிருந்ததை அன்று நான் பார்க்கவில்லை.

அரங்கம் 900 இருக்கை. இடைவேளைக்கு முன் டூயட் ஓடும்போது கீபோர்டுக்குப் பின்னாலிருந்தே வரிசை வரிசையாக எண்ணினேன். பால்கனியில் கொஞ்சம் காலி, அவ்வளவுதான். முடிந்ததும் பின்னறையில் ஒரு தாளை நீட்டினார்கள். விற்ற டிக்கெட் 512. மீதிப் பேர் யார் என்று கேட்டேன். "பாஸ் அண்ணே. போலீஸ், பத்திரிகை, ஸ்பான்சர் வீட்டு ஆளுங்க." அமைப்பாளர் தன் உறவை வளர்த்துக்கொள்ள வாரி இறைத்த இருக்கைக்கெல்லாம் நாங்கள் தொண்டை கிழியப் பாடியிருக்கிறோம்.

வசூலில் முதலில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போனது. அது சர்க்கார் சட்டம், வாயை மூடிக்கொள்ளலாம். பிறகு மண்டப வாடகை, சவுண்ட், லைட், எல்.இ.டி. திரை, ஜெனரேட்டர், பிளக்ஸ். சவுண்ட் செட் அமைப்பாளரின் மச்சானுடையது. வெளியே அதே செட் பாதி வாடகைக்குக் கிடைக்கும். கடைசி வரி, "இதர செலவு 38,000". இதர என்றால்? "நம்ம ப்ரோக்ராம்னா நாலு செலவு இருக்கும்ல அண்ணே." செலவு வரும்போது நம்ம ப்ரோக்ராம். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குத் தொங்கிய நகைக்கடை பேனர் கொடுத்த காசு எங்கே என்று கேட்டதும் அது அவருடைய ப்ரோக்ராம் ஆகிவிட்டது. ஸ்பான்சர் பணம் பங்கில் சேராதாம். கூட்டம் எங்கள் பாட்டுக்கு வந்தது, பேனர் அந்தக் கூட்டத்துக்காக வந்தது. இதில் எது எங்களுக்குச் சேராது?

எங்கள் பங்காக வந்தது 31,000. அதிலும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தார்கள். பிறகு, பிடித்த வரியைக் காட்டும் என் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு ரூபாய்கூட அதில் ஏறவில்லை.

எங்கள் கிட்டார்காரர் ஓயாமல் ஒரு கதை சொல்வார். லெட் செப்பலின் என்ற இங்கிலாந்துக் குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்ட், 1970-களில் அமெரிக்கப் பயணங்களில் வசூலில் 90 எங்களுக்கு, 10 உங்களுக்கு என்று அமைப்பாளர்களிடம் அடித்துப் பேசி வாங்கினாராம். அங்கே பேர் பெற்ற குழுக்கள் ஒரு அடித்தொகையை முன்பே பேசிக்கொள்கின்றன. அடித்தொகையா, செலவு போக 85 சதவீதமா, எது அதிகமோ அதை வாங்கிக்கொள்வதும் உண்டு. சின்னக் குழுக்கள் பாடு அங்கேயும் திண்டாட்டம்தான். வாசலில் அவர்கள் விற்கும் டி-ஷர்ட்டில்கூட அரங்கக்காரர் பங்கு கேட்கிறார். ஆனாலும் கணக்குத் தாளைக் குழுவின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ரசீதோடு சரிபார்ப்பது அங்கே வழக்கம். இங்கே நான் ரசீது கேட்டேன். "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?" என்று அமைப்பாளர் முகம் வாடிப்போனது. கேட்டவன் நான் குற்றவாளி ஆனேன்.

விடியற்காலை வாடிப்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திப் பங்கு பிரித்தேன். வேன் வாடகை, டீசல் போகத் தலைக்கு ஆயிரம்கூடத் தேறவில்லை. பாடகித் தங்கச்சி எண்ணாமலே பைக்குள் வைத்தாள். மேடைப் புடவை வாடகையே அவளுக்கு 600. ரிதம் பேட் தம்பிக்கு முன்னால் அந்தத் தாளை விரித்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினேன். "எனக்கு எதுக்குண்ணே காட்றே" என்றான். முழுவதும் படிக்க வைத்தேன்.

என் பேருக்கு நேரே பூஜ்யம் எழுதி நோட்டை மூடும்போது போன் அடித்தது. பழைய ஏஜென்ட்.

"அண்ணே, ஆடிக்கு டேட் இருக்கா?"

இருக்கு என்றேன்.