குளத்து மீனும் காட்டுப் புலியும்

வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எத்தனை மீன் கிடக்கிறது என்று தெரிந்தால்தானே வலைக்கும் ஆளுக்கும் கணக்குப் போட முடியும்? அதற்காகக் குளத்தை வற்ற வைக்கவா முடியும்?

வலை வீசி 50 கெண்டை பிடியுங்கள். ஒவ்வொன்றின் வால் துடுப்பிலும் ஓரமாகச் சின்னதாய் ஒரு வெட்டு. திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வலை வீசுகிறீர்கள். 40 மீன் வருகிறது. அதில் வெட்டு உள்ளவை 4. அதாவது பத்துக்கு ஒன்று. குளம் முழுக்கவும் அதே விகிதம்தான் என்றால், நாம் வெட்டிவிட்ட 50 மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆக, 500 மீன்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானையைக் கிளறியிருக்க வேண்டும். மடைப் பக்கமே விட்டு, மறுநாளே அங்கேயே வலை போட்டால் வெட்டுப்பட்ட மீனாகவே வரும், கணக்கு இறங்கிவிடும். ஒருமுறை மாட்டிய மீன் உஷாராகி ஒதுங்கினால் கணக்கு ஏறிவிடும். அட, எல்லாம் சரியாக நடந்து, 4 மீனுக்குப் பதில் 5 வந்திருந்தால்கூட விடை 400 ஆகிவிடும். ஒரே ஒரு மீன், 100 வித்தியாசம்!

சரி, புலிக்கு வருவோம். ஊருக்கு மேற்கே தெரியும் மலையில்தான் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது. நம் கடையம் பக்கத்துக் காடும் அதில் சேர்ந்ததே. புலியைப் பிடித்து யார் வாலை வெட்டுவது?

அந்தக் காலத்தில் நாடு முழுக்கக் கால்தடத்தை வரைந்து எண்ணினார்கள். ஒரே புலியின் தடம் சேற்றில் ஒரு மாதிரி, புழுதியில் ஒரு மாதிரி இருக்கும். ஒன்று இரண்டாகிவிடும். ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004 கணக்குப்படி பதினைந்துக்கு மேல் புலிகள். 2005-ல் தேடினால் ஒன்றுகூட இல்லை! வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் மட்டும் புலி உலாவிக்கொண்டிருந்தது.

உல்லாஸ் காரந்த் அதற்கு முன்பே, 1990-களில், கர்நாடகத்தின் நாகரஹொளேயில் குளத்து மீன் கணக்கைப் புலிக்குப் போட்டுக் காட்டியிருந்தார். வெட்டு எதற்கு, வரிகள் இருக்கின்றனவே! ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. இடப்பக்க வரி வலப்பக்கத்தில்கூட இருக்காது. அதனால்தான் பாதையின் இருபுறமும் எதிரெதிராகக் கேமரா கட்டுகிறார்கள். முதல் படம்தான் முதல் வலை. அதே வரி மறுபடி பதிவானால் அது வெட்டுப்பட்ட மீன்.

2022 கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் படத்தில் சிக்கிய தனித்தனிப் புலிகள் 3,080. சிக்காதவற்றையும் கணக்கிட்டுச் சொன்ன சராசரி 3,682. தமிழ்நாட்டுக்கு 306. அறிக்கையில் சராசரியோடு 3,167 முதல் 3,925 வரை என்று ஒரு வீச்சும் உண்டு. செய்திகளில் பெரும்பாலும் ஒற்றை எண்தான் வரும். எனக்கென்னவோ அந்த வீச்சுதான் நேர்மையான பகுதி என்று தோன்றுகிறது. ஒரு மீனுக்கு 100 மாறுவதைப் பார்த்தோமே!

சிறுத்தைக்குப் புள்ளிகள் இருப்பதால் இதே வழி போதும். யானைதான் பாடு. உடம்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம். அதற்கு லத்தியை எண்ணுகிறார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.