ரோஸ் பாத்திரத்திற்கு ஆட்ரா மெக்டொனால்டின் குரல் பொருந்துமா?



இசை நாடகம் என்றால் நம்மில் பலருக்கு வள்ளி திருமணமும் பவளக்கொடியும்தாம் நினைவுக்கு வரும். இன்று நான் எழுத வந்திருப்பதோ அமெரிக்க நாட்டு இசை நாடகம் ஒன்றைப் பற்றி. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு நியூயார்க் நாடக மேடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்த நாடகத்தின் நாயகி, தன் பிள்ளைகளை மேடையேற்றியே தீருவது என்று உயிரைக் கொடுத்து நிற்கும் ஒரு தாய். கதை சொல்லும் போட்டியிலும் நடனப் போட்டியிலும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு பிள்ளையின் வரிகளைத் தாமும் வாயசைத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் அன்னையரை அறிந்த எவருக்கும் இவள் அந்நியள் அல்லள்.

நாடகத்தின் பெயர் 'ஜிப்சி'. ஆர்தர் லாரன்ட்ஸ் உரையாடல் எழுத, ஜூல் ஸ்டைன் இசையமைக்க, ஸ்டீபன் சோண்ட்ஹைம் பாடல் எழுத, 1959 மே மாதம் பிராட்வேயில் அரங்கேறியது. அதன் அண்மைய மறு அரங்கேற்றம் ஜார்ஜ் சி. வுல்ஃபின் இயக்கத்தில் 2024 டிசம்பர் 19ஆம் நாள் மஜெஸ்டிக் அரங்கில் தொடங்கி, 2025 ஆகஸ்டு 17ஆம் நாள் நிறைவுற்றது. தாய் ரோசாக நடித்தவர் ஆட்ரா மெக்டொனால்ட். அரங்கேற்றத்தின்போது அவருக்கு வயது 54. அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனியை நடிப்புக்காக ஆறு முறை பெற்றவர். இசை நாடகம், உரைநடை நாடகம் இரண்டிலும், முதன்மைப் பாத்திரம், துணைப் பாத்திரம் இரண்டிலுமாக நான்கு பிரிவுகளிலும் விருது வென்ற ஒரே கலைஞர் அவர்தாம்.

இத்தனை சிறப்பிருந்தும், "இவர் இப்பாத்திரத்திற்குப் பொருத்தமானவர்தாமா?" என்ற கேள்வி முதல் நாள் தொட்டே எழுந்தது. நடிப்பில் எவரும் ஐயம் கொள்ளவில்லை. ஐயமெல்லாம் குரலில்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருந்தும். பாடுவதற்கு எளிது என்பதால் அன்று. எளிதாக இல்லை என்பதால்தான் பொருந்தும். நான் இதைச் சொல்வது 2025இல் வெளிவந்த இசைத் தொகுப்பையும், அவ்வாண்டு ஜூன் மாத டோனி விழா மேடையில் அவர் பாடியதையும் கொண்டு. முந்தைய ரோஸ்களின் ஒலிப்பதிவுகளும் பல ஆண்டுகளாக என்னிடம் உள்ளன.

கதையை அறியாதோருக்காகச் சுருக்கம். இருபதுகளின் அமெரிக்கா. ரோசுக்கு இரு பெண் பிள்ளைகள். இளையவள் ஜூன் சுட்டி, ஆடுவாள், பாடுவாள். தாயின் கனவெல்லாம் அவள்மீதே. மூத்தவள் லூயிஸ் கூச்ச சுபாவம் உள்ளவள். கூட்டத்தில் ஒரு மூலையில் நிற்பவள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் 'குழந்தை நட்சத்திரம்' என்ற பெயர் போய்விடுமே என்று வயதை மறைத்து மறைத்து, கடைசியில் லூயிசுக்குத் தன் வயது என்ன என்பதே தெரியாமற்போகிறது. (ஆசிரியர் என்ற முறையில் இவ்விடம் எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.) ஜூன் ஒருநாள் நடனக்காரப் பையன் ஒருவனோடு போய்விடுகிறாள். இரயில் நிலையத்தில் அந்தக் கடிதத்தைப் படித்து முடித்த தாய், அழவில்லை. மூத்தவள் பக்கம் திரும்புகிறாள். இனி உன்னை நட்சத்திரமாக்குகிறேன் என்று பாடத் தொடங்குகிறாள். முதற்பாகம் அத்துடன் முடிகிறது. பாட்டின் மெட்டு வெற்றி முழக்கம். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் மகளுக்கோ அது தண்டனைத் தீர்ப்பு.

இனி அந்தக் குரல் விவகாரம்.

1959இல் ரோஸ் வேடம் ஏற்றவர் ஈத்தல் மெர்மன். ஒலிவாங்கி இல்லாமலேயே அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் எட்டும் வெண்கலக் குரல் அவருடையது. பாடல்கள் அந்தக் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. பாடலோடு இசையையும் இளைஞர் சோண்ட்ஹைமே அமைப்பதாக இருந்தது. பெயர் பெறாத இசையமைப்பாளர் வேண்டாம் என்று மெர்மன் மறுத்துவிட்டதால்தான் ஜூல் ஸ்டைன் வந்தார் என்பது நாடக வரலாறு. ஆகவே அந்தக் குரலே பாத்திரம் என்று இரசிகர் மனத்தில் பதிந்துபோயிற்று.

மெர்மன் பாடிய முறையை நம் வழக்கில் திறந்த குரல் எனலாம். நெஞ்சிலிருந்து எழும் பேச்சுக் குரலை அப்படியே உயர்ந்த சுரம் வரை ஏற்றிச் செல்வது. நம் நாடக மேடையிலும் ஒலிபெருக்கி வருவதற்கு முன் இதுவே தேவையாக இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்சக் கட்டையில் பாடிப் புகழ்பெற்றது கலை நயத்துக்காக மட்டுமன்று. கடைசி வரிசையில் காசு கொடுத்து அமர்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டுமல்லவா? காரணம் ஒன்றாக இருந்ததால் வழியும் ஒன்றாயிற்று.

ஆட்ராவின் பயிற்சி வேறு. அவர் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் மேனாட்டுச் செவ்வியல் குரலிசை பயின்று 1993இல் பட்டம் பெற்றவர். உச்ச சுரங்களை நெஞ்சுக் குரலில் முட்டி ஏற்றாமல், தலைக்குள் ஒலிக்கும் மென்மையான, வட்டமான குரலுக்கு மாற்றிக்கொள்வது அப்பயிற்சியின் இயல்பு. நம்மவர் இதைக் கேட்டால் 'கள்ளக் குரல்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். அது முறையன்று, செவ்வியல் பயிற்சி பெற்றவருக்கு அதுவும் முழுக் குரலே. ஆயினும் ரோசின் பாடல்களில் அந்த மாற்றம் நிகழும் இடம் வெளிப்படையாகக் கேட்கிறது. கீழே கரடுமுரடாக வந்துகொண்டிருந்த குரல் மேலே ஏறியதும் வேறு உடை உடுத்தியதுபோல் ஆகிவிடுகிறது. குறை கூறியோரின் குறை இதுவே. அது பொய்யன்று.

இன்னும் ஒரு படி மேலே போய் நானே ஒப்புக்கொடுப்பேன். முதற்பாகத்தின் இறுதிப் பாடலை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் மெர்மனே வெல்கிறார். அங்கே வேண்டியது இரும்பு. இரயில் நிலையமே அதிர வேண்டும். ஆட்ராவிடம் அந்த இரும்பு இல்லை.

ஆனால் நாடகம் என்பது ஒரு பாட்டு அன்றே!

இப்பாத்திரம் ஏற்றவர்களின் வரிசையைப் பாருங்கள். 1973இல் இலண்டனிலும் 1974இல் பிராட்வேயிலும் நடித்த ஆஞ்சலா லான்ஸ்பரிக்கு வெண்கலக் குரல் கிடையாது. 1989இல் நடித்த டைன் டேலி, தொலைக்காட்சித் தொடரில் காவல் அதிகாரியாக வந்து பெயர் பெற்றவர். பாடகியாக அறியப்பட்டவர் அல்லர். இருவருமே டோனி விருது வென்றனர். மெர்மனோ 1960இல் தோற்றுப்போனார்! 2003இல் பெர்னடெட் பீட்டர்ஸ் வந்தபோதும், உருவமும் குரலும் மென்மையாய் இருக்கிறதே என்று இதே முணுமுணுப்பு எழுந்தது. 2008இல் பேட்டி லுபோன் தம் 58ஆம் வயதில் இடிமுழக்கமாய்ப் பாடி விருது பெற்றார். 2015இல் இலண்டனில் இமெல்டா ஸ்டான்டன், சிற்றுருவப் பெண்மணி, அடிபட்ட விலங்குபோல் பாடி அவையோரை நடுங்கச் செய்தார். ஒருவர் குரல்போல் மற்றொருவர் குரல் இல்லை. இத்தனை பேரைத் தாங்கிய பாத்திரம் ஏழாவதாக ஒரு குரலைத் தாங்காதா?

1962இல் வந்த திரைப்படத்தில் ரோசலின்ட் ரஸ்ஸல் நடிக்க, பெரும்பாலான பாடல்களில் லிசா கிர்க் என்பவர் பின்னணிக் குரல் கொடுத்தார். பின்னணிப் பாடலில் ஊறிய நமக்கு இதில் வியப்பில்லை. குரல் ஒருவருக்கு, முகம் ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ள நாம் பழகிவிட்டோம். மேடையில் அது முடியாது. வாரத்துக்கு எட்டுக் காட்சி. ஒவ்வொன்றிலும் அதே தொண்டைதான் பாடவும் வேண்டும், ஏசவும் வேண்டும், கெஞ்சவும் வேண்டும். அனுபவம் முதிர்ந்த நடிகைகளையே இப்பாத்திரம் தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். இருபத்தைந்து வயதுக் குரலில் வலிமை இருக்கலாம். அதை எங்கே செலவிடுவது, எங்கே சேமிப்பது என்ற கணக்கு அங்கே இராது.

இந்நாடகத்தின் உயிர் கடைசிப் பாட்டில் இருக்கிறது. லூயிஸ் புகழ்பெற்ற ஆட்டக்காரியாகிவிட்டாள். தாய் இனித் தேவையில்லை. வெறும் மேடையில் தனியே நின்று, இத்தனை நாளும் இதெல்லாம் யாருக்காகச் செய்தேன் என்று ரோஸ் வெடிக்கிறாள். முன்னர்க் கேட்ட மெட்டுகளெல்லாம் துண்டு துண்டாகத் திரும்பி வந்து சிதறுகின்றன. நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் மேடையில் நடந்துகாட்ட, சோண்ட்ஹைம் பியானோவில் அமர்ந்து ஓர் இரவில் உருவாக்கத் தொடங்கிய பாட்டு இது. மனம் உடைந்தவளுக்குக் கைத்தட்டல் எதற்கு என்று சோண்ட்ஹைம் அதற்கு முறையான முடிவு வைக்காமல் விட்டிருந்தார். அவருடைய ஆசான் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன்தாம், மெர்மனுக்குக் கைத்தட்ட மக்கள் காத்திருக்கிறார்கள், அதற்கு இடம் தராவிட்டால் அடுத்த காட்சியைக் கவனிக்கமாட்டார்கள் என்று சொல்லி மாற்றச் செய்தார். பிறகு லான்ஸ்பரி நடித்தபோது லாரன்ட்ஸ் அதற்குள்ளேயே ஒரு வழி கண்டார். கைத்தட்டல் அடங்கிய பின்னும் ரோஸ் குனிந்து குனிந்து வணங்கிக்கொண்டே இருக்கிறாள். எதிரே யாருமில்லை. அந்த ஒரு நொடியில் அவையோருக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ஆட்ராவின் குரல் தன் வேலையைச் செய்கிறது. மெர்மனைக் கேட்கும்போது, இவள் மேடை ஏறியிருந்தால் வென்றிருப்பாள் என்று தோன்றும். குரலில் பிளவே இல்லை. ஆட்ராவின் குரல் கரடுமுரடுக்கும் அழகுக்கும் இடையே தாவும்போது இரண்டு பெண்கள் கேட்கின்றனர்: வீதியில் பேரம் பேசிப் பிழைத்தவள் ஒருத்தி, தனக்குள் அழகாகப் பாடிக்கொண்டிருந்து, யாரும் கேட்காமலே போனவள் மற்றொருத்தி. குறை என்று சுட்டப்பட்ட அதே தையல்தான் இங்கே பாத்திரத்தின் உள்ளறையைத் திறந்து காட்டுகிறது.

இது இயலாமை, அதற்கு நான் பூச்சுப் பூசுகிறேன் என்று சிலர் கருதலாம். அவர்களுக்கு 2014ஐ நினைவூட்டுகிறேன். அவ்வாண்டில் பில்லி ஹாலிடே என்னும் ஜாஸ் பாடகியின் கடைசிக் காலத்தைச் சித்திரிக்கும் நாடகத்தில் ஆட்ரா, தம் செவ்வியல் குரலை முற்றாகக் கழற்றி வைத்துவிட்டு, போதையாலும் துயராலும் தேய்ந்துபோன அந்தக் குரலை எடுத்துக்கொண்டார். ஆறாவது டோனி அதற்குத்தான். வேண்டும்போது குரலை மறைக்கத் தெரிந்தவர், ரோசுக்கு மறைக்கவில்லை என்றால் அது அவர் எடுத்த முடிவு.

மற்றொன்றையும் விட்டுவிடலாகாது. பிராட்வேயில் ரோசாக நடித்த முதல் கறுப்பினப் பெண்மணி ஆட்ரா. இருபதுகளின் அமெரிக்க மேடை கறுப்பினத்தாரை எப்படி நடத்தியது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், கதவைத் தட்டித் தட்டி ஓயாத இந்தத் தாயின் ஆவேசத்துக்குப் புதிய பொருள் வருகிறது. வெள்ளைக்கார ரோசுக்குப் பிள்ளையின் திறமைதான் போதவில்லை. இந்த ரோசுக்குத் திறமை இருந்தும் கதவு திறவாது. மலேசிய மண்ணில், நம் பிள்ளை மற்றவர்களைவிட இரு மடங்கு உழைத்தால்தான் ஓர் இடம் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கும் பெற்றோருக்கு அந்த ஆவேசத்தை விளக்க வேண்டியதில்லை. அதில் நியாயமும் உண்டு, பிள்ளையைத் தின்னும் பசியும் உண்டு. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்பதை இந்த ரோசிடம் என்னால் பிரிக்க இயலவில்லை. மெர்மனிடம் அந்தக் குழப்பம் எனக்கு வந்ததேயில்லை.

2025இல் டோனி விருது ஆட்ராவுக்குக் கிட்டவில்லை. 'சன்செட் பூலிவார்ட்' நாடகத்துக்காக நிக்கோல் ஷெர்சிங்கர் பெற்றார். அக்டோபர் வரை சீட்டு விற்கப்பட்டிருந்த நாடகமும் ஆகஸ்டிலேயே திரையிட்டுவிட்டது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே என்போர் இருக்கின்றனர். விருதுத் தட்டும் சீட்டு விற்பனையும் குரலை அளக்கும் கருவிகள் என்றால் மெர்மனுக்கும் அந்த வேடம் பொருந்தவில்லை என்றல்லவா ஆகும்?

கேட்க விரும்புவோர் 1959ஆம் ஆண்டுத் தொகுப்பின் கடைசிப் பாட்டை முதலில் கேளுங்கள். பின்னர் ஆட்ராவின் தொகுப்பில் அதே பாட்டு. இரண்டுக்கும் நடுவில் சற்று நேரம் விடுங்கள். அடுத்தடுத்துக் கேட்டால் மெர்மனின் ஓசை காதிலேயே நிற்கும். மாணவர்களோடு அமர்ந்து கேட்க வேண்டாம். இரண்டாம் பாகம் நடக்கும் ஆட்ட அரங்கு பிள்ளைகளுக்குரிய இடமன்று. பள்ளி மேடைக்குப் பிள்ளைகளைப் பழக்கும் பெற்றோரும் ஆசிரியரும், அவர்கள் உறங்கிய பிறகு கேட்கலாம்.