மெய்யியல் அறிமுகம் எங்கிருந்து தொடங்கவேண்டும்? மணிமேகலையின் இரு காதைகளை முன்வைத்து ஒரு கருத்துரை

தமிழ் முதுகலை வகுப்புகளில் பண்டைய மெய்யியலுக்கான அறிமுகம் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு தொடங்குகிறது. நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாஞ்சை, வேதாந்தம் என ஆறு தரிசனங்கள். அவற்றுக்குப் புறத்தே உலகாயதம், பௌத்தம், சமணம். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் பெயர், நூற்பெயர், நான்கைந்து கோட்பாடுகள். மாணவர் இவற்றை மனனம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். ஒரு கூற்று எதனால் நிலைநாட்டப்படுகிறது, எதனால் மறுக்கப்படுகிறது என்பதை அவர்கள் காண வாய்ப்பதில்லை. இவ்வறிமுகத்தை மணிமேகலையின் 27, 29-ஆம் காதைகளிலிருந்து தொடங்குவதே தக்கது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பட்டியலுக்கும் வரலாறு உண்டு

சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் மாதவன் வடிவில் நின்று அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மரின் கொள்கைகளை மணிமேகலை கேட்கிறாள். அளவைவாதி அங்கே கூறும் ஆறு நெறிகள் உலகாயதம், பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாஞ்சகம் என்பனவாகும். இன்றைய பாடநூற் பட்டியலில் உள்ள யோகமும் வேதாந்தமும் இதில் இல்லை. புறத்தே நிறுத்தப்பட்ட உலகாயதமும் பௌத்தமும் இதில் உள்ளன. இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துக் காட்டினால், ‘ஆறு தரிசனம்’ என்பது இயற்கையாய் அமைந்த பகுப்பு அன்று, ஒரு காலத்தார் ஒரு நோக்கோடு வகுத்தது என்பது முதல் வகுப்பிலேயே விளங்கிவிடும்.

அளவைகளின் எண்ணிக்கையும் இத்தகையதே. வேதவியாதன் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் கொண்டதாக அதே காதை குறிக்கிறது. 29-ஆம் காதையில் அறவண அடிகளோ காட்சி, கருத்து ஆகிய இரண்டை மட்டுமே ஏற்கிறார். அறிவின் வாயில்கள் எத்தனை என்பது விடை தெரிந்த வினா அன்று என்பதை ஒரே நூலின் இரு காதைகள் உணர்த்துகின்றன.

மறுப்பையும் ஆராய்தல்

கண்கூடாகக் கண்டதே மெய், கருதலளவை வேண்டா என்னும் பூதவாதியிடம், தன் தாய் தந்தையரை ஒருவன் அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவான் என மணிமேகலை வினவுகிறாள். வகுப்பில் இவ்விடம் பெரும்பாலும் பூதவாதியின் தோல்வியாகக் கூறப்பட்டு முடிந்துவிடும். ஆயின் இங்குத்தான் மெய்யியற் பயிற்சி தொடங்கவேண்டும். பெற்றோரை நாம் அறிவது அனுமானத்தாலா, பிறர் சொல்லாலா? சொல்லால் என்றால், இரண்டே அளவை கொள்ளும் அறவண அடிகளின் நிலைப்பாடு அச்சொல்லை எதில் அடக்கும்? காப்பியத் தலைவியின் வாதத்தையும் சோதித்துப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. அதற்கான கருவிகளைக் காப்பியமே தருகிறது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் 29-ஆம் காதை புகையும் நெருப்பும் போன்ற எளிய எடுத்துக்காட்டுகளோடு வகுத்துரைக்கிறது.

எதிரியின் வாய்மொழி

மற்றொரு பயனும் உண்டு. ஆசீவகரின் தமிழ் நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் பரபக்கம் ஆகியவற்றின் வழியே அவர்கள் கொள்கையை அறிகிறோம். மூன்றும் அக்கொள்கையை ஏற்காதவர் இயற்றியவை. 1951-இல் ஆசீவகர் பற்றிய தம் நூலை வெளியிட்ட ஏ. எல். பாஷம் இத்தமிழ்ச் சான்றுகளையே பெரிதும் பயன்கொண்டார். குண்டலகேசி மறைந்துவிட்டது, அதனை மறுக்க எழுந்த நீலகேசி நிலைபெற்றுவிட்டது. மறுப்பவர் காட்டும் உருவத்திலிருந்து மறுக்கப்பட்டவரின் உண்மை உருவத்தை எவ்வளவு மீட்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஆய்வாளர் பெறவேண்டிய முதன்மைப் பயிற்சி. சுருக்கப் பாடநூல் இதனைத் தராது.

ஒரு தடையும் விடையும்

இக்காதைகள் கடினமானவை, தொடக்கநிலை மாணவருக்கு ஏலா என்பர். கடினமே; மறுப்பதற்கில்லை. 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரே பௌத்தப் பகுதிகளின் பொருள் விளங்காது, கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியாரை நாடித் தெளிந்தார். அத்தெளிவின் பயனாகவே பௌத்தம் பற்றிய விளக்கங்களையும் அவரால் பதிப்பில் சேர்க்க முடிந்தது. தமிழாசிரியர் தம் துறைக்கு வெளியே சென்று கேட்டறிந்ததால் ஒரு நூல் துலங்கியது. இன்று தமிழ்த்துறையும் மெய்யியல்துறையும் தத்தம் எல்லைக்குள் நிற்கின்றன. காப்பிய வகுப்பில் இக்காதைகள் கவிச்சுவை குறைந்தவை என ஒதுக்கப்படுகின்றன. மெய்யியல் வகுப்பில் அவை தமிழிலக்கியம் என விலக்கப்படுகின்றன. இருதுறை ஆசிரியரும் சேர்ந்து ஒரு பருவம் இவ்விரு காதைகளை மட்டும் நடத்தினாலும் போதும். இன்று நல்ல உரைகளும் உள்ளன.

முடிவாக

அத்திப்பட்டிலிருந்து சென்னைக் கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பின்னே விட்டு, எண்ணூர், கத்திவாக்கம் கடந்து திருவொற்றியூர் வழியாகவே நாள்தோறும் பயணிக்கின்றனர். அவ்வூர்க் கோயிலின் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு, மடாதிபதி சதுரானன பண்டிதரோடு, சோமசித்தாந்தம் விரித்துரைக்கும் வாகீசுவர பண்டிதரையும் குறிப்பிடுகிறது. இலக்கணம் கற்பிக்க அமைந்த மண்டபம் பற்றியும் அவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன. அக்கல்வி எல்லார்க்கும் உரியதாய் இருந்ததில்லை. இன்று அது உரியதாகக்கூடும். துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து முதன்முறையாகப் பட்டப்படிப்புக்கு வருவோரிடம் நாம் கையளிப்பது மனனத்துக்குரிய பெயர்வரிசையா, வினவும் உரிமையா என்பதே இப்பாடத்திட்டச் சிக்கலின் உட்பொருள்.